பன்றியைப் பற்றித்தான் சொன்னோம்

“செத்தவனுக்கும் இங்க விசா முடியும்” என்று அம்புறோஸ் சொல்லுவார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். ஹனோவருக்குத் தெற்கே, ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கிறது க்ரோன்ஸ்டெட் என்ற சிறுநகரம். அதன் நகரசபைச் சேமக்காலையில் அவருக்கு வேலை. புல் வெட்டுவது, குழி தோண்டுவது, இலை கூட்டுவது, தவணை முடிந்த கல்லறைகளை அகற்றுவது.

ஆம், தவணை. அந்த ஊரில் கல்லறை யாருக்கும் சொந்தமில்லை. முப்பது வருடத்துக்குத் தருவார்கள். முடிந்ததும் உறவினர் யாராவது வந்து நீட்டிக்க வேண்டும். எவரும் வராவிட்டால் கல்லில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டி மூன்று மாதம் பார்ப்பார்கள். பிறகு கல்லைப் பிடுங்கி உடைத்து, பாதைக்குச் சரளையாகப் போட்டுவிடுவார்கள். க்ரோன்ஸ்டெட் மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும் பாதைக்கு அடியில் எத்தனையோ பேருடைய பெயர்கள் நொறுங்கிக் கிடக்கின்றன.

2006 ஜூலையில் அம்புறோஸ் மஞ்சள் தாள் ஒட்டிய கற்களில் ஒன்று, மதிலோரம் தனியாக நின்ற சாம்பல் நிறக் கல். ‘ஹெர்மீன பிராண்டெஸ், 1899–1976’ என்று மட்டும் வெட்டியிருந்தது. வேத வசனம் இல்லை, ‘அன்புள்ள’ இல்லை, சிலுவைகூட இல்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கல்லடிக்கு ஒருவரும் வந்து அவர் பார்த்ததில்லை. ஒட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார்.

“ஓ, பன்றிக்காரி ஹெர்மீன!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “கடைசியில் அவளுக்கும் நேரம் வந்துவிட்டதா?”

லூடெக்கெ. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எழுபத்தெட்டு வயது, ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். சனிக்கிழமை தவறாமல் பச்சை நிறத் தண்ணீர் வாளியோடு வந்து பெற்றோரின் கல்லறைப் பூக்களுக்கு நீர் ஊற்றுவார். அம்புறோசைக் கண்டால் நின்று பேசுகிற ஒருசில ஜெர்மன்காரர்களில் ஒருவர். அதனால் அம்புறோசுக்கு அவரைப் பிடிக்கும்.

“ஏன் பன்றிக்காரி?”

“போர்க் காலத்தில் களவாகப் பன்றி வெட்டினாள். அப்போது எல்லாம் பங்கீட்டில். அனுமதியில்லாமல் ஒரு கோழியின் கழுத்தைத் திருகினாலும் குற்றம். இவள் முழுப் பன்றியை வெட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி சூப் அனுப்பவில்லை!” லூடெக்கெ சிரித்தார். “எங்கள் ஊரில் பன்றி வெட்டினால், குடல்கறி அவித்த சூப்பைப் பாத்திரத்தில் ஊற்றி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அது வழக்கம். இரண்டு வருடம் சிறையில் இருந்தாள், பாவம். மூக்கு என்று ஒன்று ஊருக்கு இருக்கிறதே, ஹெர் அம்புறோஸ்!”

அம்புறோசும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் பிறகு அவர் தன்னையே வெறுத்தார்.

*

அம்புறோஸ் யாழ்ப்பாணம் நாவாந்துறைக்காரர். தொண்ணூற்றொன்றில் வந்தவர். ஹனோவரில் பத்து வருடத்துக்கு மேல் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவினார். கை வெந்து தோல் உரிந்த பிறகுதான் சேமக்காலை வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். ஜனவரியில் நிரந்தரமாக்குவதாகப் பொறுப்பாளர் டோனீஸ் சொல்லியிருந்தார். மனைவி தேவமலர் ஏற்கெனவே அந்த நிரந்தரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தாள்.

மகள் கவிசா ஹனோவர்ப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தாள். “சரித்திரம் படிச்சு ஆர் சோறு போடுவினம்?” என்று தேவமலர் கேட்பதும், “கல்லறை வெட்டி அப்பா போடேல்லையோ?” என்று அவள் திருப்பிக் கேட்பதும் வாராந்த வழக்கம். பன்றிக்காரியின் கதையை அம்புறோஸ் பகிடியாகத்தான் வீட்டில் சொன்னார். கவிசா சிரிக்கவில்லை.

“ஒரு மனுசிக்கு ஒரு முழுப் பண்டி என்னத்துக்கு, அப்பா?”

“எனக்கென்ன தெரியும்? பசியாக்கும்.”

“பாக்கிறன்” என்றாள்.

பார்த்தாள். ஆவணக் காப்பகத்தில் முன்கூட்டியே ஒரு Termin, சந்திப்பு நேரம், எடுத்துக்கொண்டு போய், ஹெர்மீனவின் வழக்குக் கோப்பை நாள் முழுக்க இருந்து வாசித்தாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில், சோற்றில் கை வைக்காமலே சொன்னாள்.

ஹெர்மீன பிராண்டெஸ் விதவை. ஊர் ஓரத்தில் ஒரு சிறு வீடு, ஒரு துண்டு நிலம், வைக்கோல் பரண். இளவயதில் ஹனோவரில் எமில் மாயர்ஹோஃப் என்பவரின் துணிக்கடையில் தையல் வேலை செய்தவள். மாயர்ஹோஃப் யூதர். 1942 வசந்தத்தில் யூதர்களை ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தபோது, எமிலும் மனைவி ஹெட்விக்கும் ஹெர்மீனவின் கதவைத் தட்டினார்கள். அவள் பரணுக்கு ஏணி வைத்தாள். ஒருத்தியின் பங்கீட்டு அட்டையில் மூன்று வயிறு. 1943 ஜனவரியில் அந்தப் பன்றியை வெட்டியது அதற்காகத்தான். சூப் அவித்த மணம் வெளியே போனது. சூப் போகவில்லை.

பதினொரு பேர் கையெழுத்திட்டு ஊர்ப் பொலிஸ்காரனுக்கு ஒரு கடிதம் போனது. மொட்டைக் கடிதம் அல்ல. பெயர், முகவரி, தொழில் எல்லாம் சுத்தமாக எழுதிய கடிதம். பொலிஸ்காரன் இறைச்சி தேடிப் பரணில் ஏறினான். இறைச்சியும் இருந்தது, இரண்டு மனிதர்களும் இருந்தார்கள். இறைச்சியைப் பறிமுதல் செய்தான். மனிதர்களைக் கிழக்கே அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

“முதல் கையெழுத்து ஆர் தெரியுமோ?” என்றாள் கவிசா. “லூடெக்கெ. பேக்கரிக்காரன். உங்கட ஆளின்ர அப்பா.”

“அவங்களுக்கு மேல ஆக்கள் இருந்தது தெரிஞ்சிருக்காது” என்றாள் தேவமலர்.

“கடிதத்தில என்ன எழுதியிருக்கு தெரியுமோ, அம்மா? ‘ஒரு தனிப் பெண்ணுக்கு ஒரு முழுப் பன்றி எதற்கு என்று ஊரே கேட்கிறது.’ ஊரே கேட்டிருக்கு! விடை தெரிஞ்சுதான் கேட்டிருக்கு.”

பதினொரு பேரும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவர்கள். பிரார்த்தனைக்குக் கூப்பிய அதே கைதான் பேனாவையும் பிடித்தது. அவர்களுக்குக் கொலைவெறி இருந்தது என்று கோப்பில் எங்கும் இல்லை. இருந்திருந்தால் அவர்களை நேரே பார்த்து வெறுக்கவாவது முடியும். இருந்தது பொறாமை, சூப் கிடைக்காத ஆத்திரம், சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்ற நாற்றமடிக்கும் நேர்மை. இரண்டு உயிரை அனுப்பி வைக்க அது போதுமாயிருந்தது.

கவிசா இன்னொன்றும் சொன்னாள். ஏழு கிலோமீட்டர் தள்ளி வீடன்பெக் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு கொட்டகையில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் போர் முடியும்வரை ஒளிந்திருந்தார்கள். ஊர் முழுக்கத் தெரியும். அங்கேயும் களவாகப் பன்றி வெட்டினார்கள், அங்கேயும் சூப் வரவில்லை. ஒருவர் வாய் திறக்கவில்லை.

“அவை நல்ல சனமாக்கும்” என்றாள் தேவமலர்.

“இல்லை, அம்மா. அவையும் நாஜியளுக்குத்தான் வாக்குப் போட்டவை. யூதரைப் பற்றி அவையும் கேவலமாத்தான் கதைச்சிருக்கினம். ஆனா அது களவா வேட்டையாடி வந்த ஊர். நூறு வருசமா பொலிசுக்குச் சொல்லுறது அங்க வெட்கம். கோள் சொல்லுற பிள்ளையை மற்றப் பிள்ளையள் விளையாட்டுக்குச் சேர்க்காதுகள். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். அதே கடவுள், அதே பாட்டுப் புத்தகம், அதே உருளைக்கிழங்கு. ஓர் ஊரில் காட்டிக்கொடுப்பது கடமை, மற்ற ஊரில் அவமானம். மூன்று உயிரைக் காத்தது வேதமும் இல்லை, வீரமும் இல்லை. அந்த அவமானம்தான்.

“அப்பா” என்றாள் கவிசா, “நீங்கள் அங்க இருந்திருந்தா என்ன செய்திருப்பியள்?”

அம்புறோஸ் எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு கிடந்தது. தேவமலர் மகளைப் பார்க்காமல், “சாப்பிடு, ஆறுது” என்றாள்.

பிறகு சமையலறையில் கணவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அதையும் இதையும் முடிச்சுப் போடாதையுங்கோ. அது வேற.”

“என்ன வேற?” என்றார் அம்புறோஸ். தேவமலர் குழாயைத் திறந்துவிட்டாள்.

*

ஹெர்மீனவின் கல்லறையைக் காப்பாற்றக் கவிசா நகரசபைக்கு ஓர் Antrag, விண்ணப்பம், எழுதினாள். தவணையை நீட்டிக்க உறவினருக்குத்தான் உரிமை, அவளுக்கு உறவினர் இல்லை. ஆகவே நகரமே பராமரிக்கும் மரியாதைக் கல்லறையாக அதை அறிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். கோப்பின் பிரதிகளையும் வைத்து அனுப்பினாள்.

பதில் அக்டோபர் நடுவில் வந்தது. மிக மரியாதையான பதில். திருமதி பிராண்டெஸ் ஒரு குற்றத் தீர்ப்புப் பெற்றவர். நாஜிக் காலத்து அரசியல் தீர்ப்புகள் பின்னாளில் ரத்துச் செய்யப்பட்டன என்பது உண்மையே. ஆனால் இது அரசியல் தீர்ப்பு அல்ல, உணவுப் பங்கீட்டுத் தீர்ப்பு. எனவே நகரசபைக் குழு வருத்தத்தோடு மறுக்கிறது. கீழே குழுவின் ஆலோசகராக லூடெக்கெயின் கையெழுத்து. தகப்பனைப் போலவே தெளிவான எழுத்து.

அம்புறோஸ் அந்தக் கடிதத்தோடு டோனீசின் அறைக்குப் போனார். டோனீஸ் ஐம்பது வயதுக்காரர், கெட்டவர் அல்ல. நல்லவராயிருக்க நேரம் கிடைக்காதவர்.

“இருபத்துநான்காம் தேதி அகற்ற வேண்டும்” என்றார். “நவம்பர் ஒன்பது, யூதர் நினைவு நாளுக்கு மாவட்டத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மதிலோரம் சுத்தமாக இருக்க வேண்டும். ஜனவரியும் வருகிறது, ஹெர் அம்புறோஸ். மறக்க வேண்டாம்.”

அம்புறோஸ் மறக்கவில்லை. அதுதான் அவருடைய கஷ்டமே.

*

செவ்வாய்க்கிழமை காலை, சிறிய தோண்டு இயந்திரத்தை மதிலோரம் ஓட்டிக்கொண்டு போனார். பனிப்புகார் விலகியிருக்கவில்லை. லூடெக்கெ வந்து நின்றிருந்தார். சனிக்கிழமை அல்ல, வாளியும் இல்லை. பார்க்கத்தான் வந்திருந்தார்.

“உங்கள் மகள் கெட்டிக்காரி” என்றார். “ஆனால் இளம் பிள்ளை. கோப்பை மட்டும் படித்தால் ஊர் விளங்காது.”

“கடிதம் விளங்குதே” என்றார் அம்புறோஸ்.

“கடிதமா? அதைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். பதினைந்து வயது.” அதை அவர் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. “அதில் யூதர் என்று ஒரு சொல் இருக்கிறதா? தேடச் சொல்லுங்கள். நாங்கள் பன்றியைப் பற்றித்தான் சொன்னோம்.”

“பரணில் ஆக்கள் இருந்தது தெரியாதோ?”

“தெரியும், தெரியாது... ஒரு ஊரில் அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல முடியுமா? தெரிந்தும் அவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. அதைத்தான் நான் பெருமையாக நினைக்கிறேன்.” கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பழைய பள்ளிக்கூடச் சுவரில் பதிக்கப்போகும் வெண்கலப் பலகையின் வாசகம். அவரே எழுதியது. ‘இருண்ட காலத்திலும் க்ரோன்ஸ்டெட் மௌனமாக எதிர்த்து நின்றது. இந்த ஊரில் ஒரு யூதரும் காட்டிக்கொடுக்கப்படவில்லை.’

“வார்ப்புக்குக் கொடுத்தாகிவிட்டது” என்றார். “அவள் அன்றைக்கு ஒரு பாத்திரம் சூப் அனுப்பியிருந்தால் எல்லாரும் உயிரோடு இருந்திருப்பார்கள். பிடிவாதக்காரி. சிறையிலிருந்து வந்த பிறகும் முப்பது வருடம் எங்கள் கடையில்தான் ரொட்டி வாங்கினாள். அப்பா ஒருநாளும் மறுக்கவில்லை. வரிசையில் கடைசியாகத்தான் கொடுப்பார், ஆனால் கொடுப்பார்.”

அம்புறோஸ் கிழவனின் முகத்தைப் பார்த்தார். ரோமம் மழித்த, சோப்பு மணக்கும், நிம்மதியான முகம். அதில் பொய் இல்லை. அதுதான் அருவருப்பு. பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எங்கே கிடக்கிறது என்று தெரியும். அதைவிட மோசமானது வேறொன்று. அந்த முகத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். பதினாறு வருடமாக, சவரம் செய்யும்போதெல்லாம்.

தோண்டு இயந்திரத்தின் திறப்பைத் திருப்பி அணைத்தார். கீழே இறங்கினார்.

நடைபாதையில் டோனீஸ் வந்துகொண்டிருந்தார். “என்ன, இயந்திரம் பழுதா?”

“மெசின் நல்லாத்தான் இருக்கு” என்றார் அம்புறோஸ். ஜெர்மனில்தான் சொன்னார். அடுத்த சொல் மட்டும் தமிழில் வந்துவிட்டது. “ஏலாது.”

“என்ன?”

“என்னால் செய்ய முடியாது. இந்தக் கல்லை நான் எடுக்க மாட்டேன்.”

டோனீஸ் லூடெக்கெயைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எழுத்தில் எச்சரிக்கை வரும். தெரியுமா?”

“தெரியும்.”

“ஜனவரி பற்றி இனி என்னிடம் கேட்க வேண்டாம்.”

“கேக்கேல்லை.”

டோனீஸ் தானே ஏறி இருந்து கல்லைப் பிடுங்கினார். பழக்கமில்லாத கை. கல்லின் ஒரு மூலை உடைந்தது. ஊர் நிற்கவில்லை, பூமி பிளக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் மதிலோரம் சமமாகிவிட்டது. லூடெக்கெ தொப்பியைச் சற்று உயர்த்தி விடைபெற்றுப் போனார்.

கல் தள்ளுவண்டியில் கிடந்தது. அம்புறோஸ் அதன் பக்கத்திலிருந்து நகரவில்லை.

“என்ன வேண்டும் உங்களுக்கு?” என்றார் டோனீஸ் களைத்துப்போய்.

“இந்தக் கல்.”

டோனீஸ் அறைக்குப் போய் ஒரு தாளோடு வந்தார். உரிமை கோராத கல்லைக் கையெழுத்திட்டு எடுத்துச்செல்ல ஒரு படிவம் இருந்தது. அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருக்கும். “சரளைக் குவியலுக்கு நாளை லொறி வரும். அதற்கு முன்னால் கொண்டுபோய்விடுங்கள்” என்றார்.

*

ஹனோவரில் தமிழ்க் கடை வைத்திருக்கும் றெஜினோல்டின் மரக்கறி வானைத்தான் அன்று பின்னேரம் இரவல் கேட்டார்.

“கல்லறைக் கல்லோ? என்ர வானிலயோ?” றெஜினோல்ட் தொலைபேசியில் கத்தினான். “அண்ணை, நாளைக்கு இதிலதான் கோயிலுக்குப் பூ ஏத்தவேணும்!”

“கழுவித் தாறன்.”

“கழுவினாப் போல...? சரி, சரி. முருங்கைக்காய்ப் பெட்டியளை மட்டும் நசுக்கிப் போடாதையுங்கோ.”

கவிசா கூட வந்தாள். எங்கே கொண்டுபோவது என்று அவள்தான் சொன்னாள். வீடன்பெக்கில், அந்தத் தாயும் பிள்ளைகளும் ஒளிந்திருந்த கொட்டகை இன்னும் நின்றது. அதன் இப்போதைய சொந்தக்காரி ஹார்ம்ஸ் என்ற அறுபது வயதுப் பெண். ரப்பர்ச் சப்பாத்தோடு வந்து வானுக்குள் எட்டிப் பார்த்தாள். ஓர் உடைந்த கல்லறைக் கல், முருங்கைக்காய், இரண்டு கறுத்த மனிதர்கள். யார், எங்கிருந்து, ஏன், அனுமதி இருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன பாரம் இருக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

“நூற்றைம்பது கிலோ.”

“பலகை கொண்டுவருகிறேன்.”

மூன்று பேருமாகச் சரித்து இறக்கி, கொட்டகைச் சுவரோரம் நிறுத்தினார்கள். ஹெர்மீனவின் பெயர் வயலைப் பார்த்து நின்றது. ஹார்ம்ஸ் கையை உதறிவிட்டு மாடுகளிடம் போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் கவிசா குதூகலமாயிருந்தாள். “அப்பா, நீங்கள் செய்தது...” என்று தொடங்கினாள்.

“கதைக்காதை” என்றார் அம்புறோஸ். வானை ஒரு வயல் ஓரத்தில் நிறுத்தினார். “அண்டைக்கு ஒண்டு கேட்டனி. நான் அங்க இருந்திருந்தா என்ன செய்திருப்பன் எண்டு.”

“ஓம்.”

“நான் இருந்தனான்.”

சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு அக்டோபர் கடைசி. கவிசாவுக்கு நாலு வயது. முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று, பெடியள் என்று ஊர் சொல்லும் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. பக்கத்து வீட்டில் அன்சார் நானா, தையல்காரர். கவிசாவின் ஞானஸ்நானச் சட்டை அவர் தைத்தது. வேலிக் கண்டாய இடைவெளியால் நுழைந்து வந்து நின்றார். அவருடைய மனைவிக்கு நிறைமாதம், இண்டைக்கோ நாளைக்கோ என்கிற வயிறு. “ரெண்டு நாள், தம்பி. பின் அறையில. பிள்ளை பிறந்ததும் எப்படியும் கொண்டுபோயிடுவன்” என்றார்.

“வீட்டில பின் அறை இருந்ததோ?” என்று கேட்டாள் கவிசா.

“இருந்தது. நெல்லு மூட்டை ரெண்டு கிடந்தது. தூக்கி வைச்சிருக்கலாம்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“ஏலாது நானா, பெடியள் அறிஞ்சா எங்களையும் விடாங்கள் எண்டன்.” அம்புறோஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “ஒருத்தரும் எங்களை வந்து கேக்கவேயில்லை, பிள்ளை. வீட்டைச் சோதிக்கவும் இல்லை. அவங்கள் வந்து கேக்க முதலே நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். பிறகு ஒழுங்கையில நிண்டு எல்லாரும் சொன்னம், நாங்களோ கலைச்சனாங்கள், பெடியள்தானே கலைச்சவங்கள் எண்டு. கோயில் மணி அடிச்சுது. செபமாலைக்குப் போனம்.”

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“அம்மா பக்கத்தில நிண்டவ.”

வீதியில் ஓர் உழவு இயந்திரம் போனது. கவிசா அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இருக்கையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அம்புறோஸ் அதைக் கவனித்தார். அது நியாயம் என்றும் பட்டது.

“பிறகு?”

“தெரியாது. நடந்து போச்சினம். பிள்ளை எங்க பிறந்ததோ, பிறந்ததோ இல்லையோ, தெரியாது. நான் விசாரிக்கேல்லை.”

அவள் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். ஹெர்மீனவின் கோப்பைப் பற்றி எழுதி வைத்த அதே புத்தகம். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திருப்பினாள்.

“அந்த அக்காவின்ர பேர் என்ன?”

அம்புறோஸ் வாயைத் திறந்தார். பன்னிரண்டு வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். நோன்புக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வேலிக்கு மேலால் நீட்டிய கை அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வருடமும் தவறியதில்லை. கையில் கிடந்த பச்சைக் காப்பு ஞாபகம் இருந்தது. நானாவின் மனுசி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

கவிசா பேனாவோடு காத்திருந்தாள்.

“தெரியாது” என்றார் அம்புறோஸ். “நான் கேட்டதில்லை.”